பன்னிரண்டு பாட்டும் ஒரு நன்றியும்

அத்தியாயம் 11

நல்லம்மாவைப் போன வாரம் மாத்தளைக் கடைத்தெருவில், வேலைக்குப் போகிற வழியில், அப்படியே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாகச் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக நிற்கிறாள். அவளை நிற்க வைத்தது எது என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒரு பாட்டு. அவளுடைய அண்ணன் கிட்டார் வாசித்த, அவளுடைய புருசன் ட்ரம்ஸ் அடித்த பாட்டு.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் ‘பெப்பர் பாய்ஸ்’ என்றால் மாத்தளையில் தெரியாத ஆள் கிடையாது. பாட்டுக்கு மஹ்ரூப், கிட்டாருக்குப் பொன்னையா, ட்ரம்ஸுக்கு ஜினதாச. ஒரு அடி தமிழ், மறு அடி சிங்களம் என்று ரொக் பாடினார்கள். மிளகு நாட்டுப் பையன்கள் என்பதால் அந்தப் பெயர். கல்யாண வீடு, வருசப் பிறப்பு, பாடசாலை விழா என்று நாலந்தாவுக்கு அப்பாலும் போய் ஆடவிட்டு வந்தார்கள்.

எண்பத்துமூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் ஊர் எரிந்தது. அன்றைக்குப் பின்னேரம் குழுவின் வேனோடு ஜினதாச வருவான் என்று பொன்னையா கடைத்தெருவில் காத்து நின்றான். வேன் வரவில்லை. கூட்டம்தான் வந்தது. கிட்டார் எரிந்தது, படங்கள் எரிந்தன, பொன்னையாவின் இடது கையில் இரண்டு விரல் முறிந்தது. அந்த விரல்கள் இன்றைக்கும் மடங்காது. வேனோ அந்த நேரத்தில் அவன் தங்கச்சி நல்லம்மாவையும் தாயையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வருசம் நல்லம்மா ஜினதாசவைக் கல்யாணம் முடித்தாள். அண்ணன் அன்றோடு அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். மஹ்ரூப் சவூதிக்குப் போய்விட்டான்.

இப்போது எண்பத்தொன்பது செப்டம்பர். அது எப்படிப்பட்ட செப்டம்பர் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடையைத் திற என்று இராணுவத்தின் கட்டளை, திறந்தால் சுடுவோம் என்று சுவரில் காட்டுக் கிளர்ச்சிக்காரரின் கட்டளை. ஜினதாச வேலை பார்த்த பஸ் டிப்போவில் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர். ஆமி பிடித்துப்போன இரண்டு பேரை ரோட்டோரத்தில் பிணமாகக் கண்டெடுத்தார்கள். மூன்றாவது ஆள் ஜினதாச. நாலு மாதமாக ஒளிந்திருக்கிறான். எங்கே என்று, இடம் கொடுத்த வீட்டைத் தவிர, இந்த உலகத்தில் நல்லம்மா ஒருத்திக்குத்தான் தெரியும்.

சரி, வாருங்கள். அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

பாட்டு வந்தது புஹாரி நானாவின் ரேடியோ கடையிலிருந்து. காலை ஆறரை மணிக்கே கதவைப் பாதி தூக்கிவிட்டு, வாசலில் ஸ்பீக்கரை வைத்திருந்தார். ‘கடைசி பஸ்ஸு போயிருச்சு, கையக் காட்டி என்ன லாபம்’ என்று மஹ்ரூப்பின் குரல். பின்னால் ஜினதாசவின் அடி. அந்த அடியை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள். சோற்றுக் கோப்பையிலும் கதவு நிலையிலும் கட்டில் சட்டத்திலும் ஐந்து வருசம் கேட்ட அடி அல்லவா.

கண் நிறைந்துவிட்டது. ஆளைக் கண்டு நாலு மாதம், கையையாவது கேட்டாளே.

“வா புள்ள, வா!” புஹாரி நானாவுக்கு வாயெல்லாம் பல். “ஒன்ட அண்ணன் ஒனக்குச் சொல்ல வேணாம்னான். எனக்கு வாய் நிக்குமா? இந்தா, பாரு.”

கேசட். மேலே மலையும் மிளகுக் கொடியும் ஒரு கிட்டாருமாகப் படம் வரைந்திருந்தது. ‘பெப்பர் பாய்ஸ் - சிறந்த பன்னிரண்டு’. தமிழிலும் இருந்தது, சிங்களத்திலும் இருந்தது.

“நாங்க பதிஞ்ச ஸ்பூல் டேப்பெல்லாம் எங்க வீட்டுக் கூரைக்குக் கீழ அட்டாளையில கெடந்திச்சு. கலவரத்துல கடைய எரிச்சவங்க வீட்டுக்கு வரல்ல, அல்ஹம்துலில்லாஹ். குழு செத்து ஆறு வருசம். சரி, பாட்டாவது இருக்கட்டுமேன்னு நான்தான் பொன்னையாவப் புடிச்சி உக்கார வச்சேன். மூணு மாசமா ராவும் பகலும் கேட்டு, பன்னெண்ட அவன்தான் பொறுக்கினான்.”

“அண்ணனா?”

“அவனேதான். ஸ்பூலுல பாட்டுக்குப் பாட்டு நடுவுல ஒன்ட மாப்புள்ள சிங்களத்துல பேசுறது கேக்கும். ‘பொன்னா, இன்னொருக்கா அடிப்போமாடா’ன்னு. அதக் கேட்டுட்டு ஒருநா இந்தப் பலகையில தலைய வச்சி அழுதான் புள்ள. வெளியில சொல்லிடாத.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்! நல்லம்மாவுக்கு ஐந்து வருசம் திறக்காத கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம் என்று மடித்த அட்டையை விரித்தாள்.

விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கேசட் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்டையின் உள்பக்கத்தில் நன்றி எழுதுவார்கள். லொறி தந்தவர், வயர் தந்தவர், தேத்தண்ணி ஊற்றித் தந்தவர் என்று ஒருவரையும் விடமாட்டார்கள். விட்டால் அடுத்த கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொண்டு போவார்கள். பொன்னையாவும் வழக்கத்தை விடவில்லை. ஆள், ஊர், வீடு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான்.

‘இந்தப் பாட்டுக்கள் பிறக்கச் சோறும் இடமும் தந்தவர், எங்கள் ஜினதாசவின் தாய்மாமன், வில்கமுவ குளக்கட்டு வீட்டு ரன்பண்டா மாமா. அந்த வீட்டுக்கும், எங்கள் தாளம் ஜினதாசவுக்கும் என் நன்றி. - பொன்னையா.’

கீழே அதே வரிகள் சிங்களத்தில்.

ஜினதாச நாலு மாதமாக ஒளிந்திருந்தது அந்தக் குளக்கட்டு வீட்டில்தான்.

“நானா.” அவள் அட்டையை அவர் பக்கம் நீட்டினாள். “இது எத்தன பேரு கைக்குப் போயிருக்கு?”

“நூறடிச்சோம், நாப்பது போயிருச்சு! நேத்துப் பின்னேரம் ஆமிக்காரர் ஒருத்தர்கூட வந்து ரெண்டு எடுத்தாரு. கடை வாசல்லயே பிரிச்சி வாசிச்சிட்டு, ஜினதாச எந்த ஊருன்னு கேட்டாரு. ரசிகராக்கும்னு நான்...” புஹாரி நானா அவள் முகத்தைப் பார்த்தார். “யா அல்லாஹ். புள்ள, அவன் அங்கயா இருக்கான்?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையில், நானாவிடம் ரேடியோ திருத்துகிற வேலையில் இருந்த பொன்னையா ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். ஐந்து வருசத்துக்குப் பிறகு தங்கச்சி எதிரில் வந்து நிற்கிறாள். என்ன சொல்வது என்று அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான் போலிருக்கிறது. எழுந்து, கையைச் சாரத்தில் துடைத்து, லேசாகச் சிரிக்கக்கூடப் பார்த்தான்.

“அண்ணே, அவரு வில்கமுவயிலதான் இருக்காரு. நீங்க எழுதிவச்ச வீட்டுலதான்.”

சிரிப்பு பாதியில் செத்தது. அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்குத் தெரியாதே நல்லம்மா. என்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே.”

“எப்பிடிச் சொல்லுவேன்? மொகத்தப் பாத்தா ரோட்ட மாறிப் போறீங்க!”

நியாயம்தானே. பேசாத வீட்டுக்கு யார் வந்து ரகசியம் சொல்வார்கள்?

“இன்னொன்னும் இருக்கு,” என்றான். “நன்றி சொன்னவங்களுக்கு மொத கேசட்டு குடுக்கணும்ல. ஞாயித்துக்கெழம மாமாவுக்கு ஒன்னு லொறியில குடுத்தனுப்பினேன். உள்ளார ஒரு துண்டுக் கடிதாசியும் வச்சேன். ‘ஜினதாச எங்க இருந்தாலும் சொல்லுங்க, என் வீட்டுக் கதவு தொறந்திருக்கு, ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுங்க’ன்னு.”

நல்லம்மா கண்ணை மூடினாள். புருசனை அவளுக்குத் தெரியும். பொலிசுக்குப் பயப்படுவான், ஆமிக்குப் பயப்படுவான். ஆனால் பொன்னையா கூப்பிட்டான் என்றால் நெருப்பிலும் நடந்து வருவான்.

வில்கமுவவுக்குப் போகும் பஸ் விடியவே போய்விட்டது. போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் அந்த நாட்களில் ஒரு நாளைக்கு ஒவ்வொன்று, அதுவும் ஓடினால்தான். புஹாரி நானா தன்னுடைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்து வைத்தார்.

“பெற்றோல் இருக்கு. கேக்கிறவனுக்கு மரணவீடுன்னு சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ரத்தோட்டை தாண்டி மலை ஏறினார்கள், அண்ணன் முன்னால், தங்கச்சி பின்னால். ஏலக்காய்க் காட்டுக்குள் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியவில்லை. ஒரு வளைவில் டயர் எரிந்த கரி வட்டம். அதற்குள் என்ன கிடந்தது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. அந்த வருசம் ரோட்டைப் பார்க்காமல் ரோட்டில் போகப் பழகியிருந்தோம்.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது என்று நல்லம்மாவுக்குத் தோன்றியது.

“அண்ணே, அன்னைக்கி வேன நான்தான் திருப்பச் சொன்னேன். அவரு உங்ககிட்ட வரத்தான் பொறப்பட்டாரு. அம்மாவ மொதல்ல கொண்டுபோய் விடுங்கன்னு நான்தான் கையப் புடிச்சி இழுத்தேன். தப்பு என்னோடது.”

காற்றில் கேட்டதோ இல்லையோ என்று நினைத்தாள்.

“தெரியும்,” என்றான் பொன்னையா. “அம்மா சாகறதுக்கு முந்தி சொல்லிச்சு.”

“தெரிஞ்சுமா இத்தன வருசம்?”

“வெரல் மடங்காத நேரமெல்லாம் யாரையாவது வையணும்ல. ஊர எரிச்சவன வைய முடியுமா? அவன் யாருன்னே தெரியாது. இவன் தெரிஞ்சவன்.”

நல்லம்மா அண்ணனின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் தோட்டத்து ரோட்டில் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனபோதும் இதே முதுகுதான்.

“அழுவாத. மத்தியானத்துக்குள்ள போயிருவோம். அவன வயல் வழியா மகாவலிக்கு அந்தாண்ட அனுப்பிருவோம். நான் இருக்கேன்ல.”

அவன் இருக்கிறான் என்று அவள் ஐந்து வருசத்துக்குப் பிறகு நம்பினாள். நம்பிய நேரம் ஒரு அரை மணி இருக்கும்.

பல்லேகமவுக்குச் சற்று முன்னால், பாலத்தடியில், ரோட்டுக்குக் குறுக்கே மரம் போட்டிருந்தது. அந்தப் பக்கம் வில்கமுவவிலிருந்து வந்த பஸ் நின்றது. ஆட்களை இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஜீப்பும் ஒரு ட்ரக்கும்.

“திரும்பாதீங்க,” என்றாள் நல்லம்மா மெதுவாக. “திரும்பினா சுடுவாங்க. நேரா போங்க.”

போனார்கள். இறங்கச் சொன்னார்கள், இறங்கினார்கள். அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தார்கள். அவளுடைய அட்டை கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. தகப்பன் பெயர் முத்துவீரன் என்றுதான் இருந்தது, ஜினதாசவின் பெயர் இல்லை. மனசுக்குள் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கும்பிட்டு நிமிர்ந்தபோது கண்டாள்.

பாலத்துக் கட்டையோரம் நாலு பேரைத் தனியாகக் குந்த வைத்திருந்தார்கள். பிடரியில் கை. அடையாள அட்டை இல்லாதவர்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதிப் பேரிடம் அட்டை கிடையாது. தேர்தலுக்கு முன்னால் காட்டிலிருந்து வந்த கிளர்ச்சிக்காரர்கள் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவதாகக் குந்தியிருந்தவன் மெலிந்து, தாடி மழித்து, விருந்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

ஜினதாச.

அவனும் பார்த்தான். அவளைப் பார்த்தான், பொன்னையாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத ஆட்களைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்லம்மாவுக்கு ஒரு அலறல் கிளம்பியது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

அதிகாரி சின்ன வயதுக்காரன். இருபத்தைந்து இருக்கலாம். குரல் உயர்த்தாமல் மரியாதையாகப் பேசினான். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குக் கூடுதல் பயம். பொன்னையாவின் அட்டையை வாசித்தவன், சட்டைப் பையில் இருந்து வேறொரு அட்டையை எடுத்தான். மலை, மிளகுக் கொடி, கிட்டார்.

“பொன்னையா,” என்றான் சிங்களத்தில். “இந்தப் பொன்னையாவா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பக்கத்தில் நின்ற சிப்பாய் ஒருவன் முந்திக்கொண்டான். “அவர்தான் சேர்! எங்க நாலந்தாவுல வருசப் பிறப்புக்கு வந்து வாசிச்சாங்க. நான் அப்ப இஸ்கோல் போற காலம். மரத்துல ஏறி உக்காந்து பாத்தேன். கிட்டார் இவர்தான்.” அவன் முகத்தில் பழைய சந்தோசம் ஒன்று வந்து போனது.

“ட்ரம்ஸ் அடித்தவனைப் பார்த்தாயா?” என்றான் அதிகாரி.

“அவர் பின்னாலதான் சேர் இருந்தார். தலைமுடி முகத்தை மூடியிருந்தது. கையை மட்டும்தான் பாத்தேன்.”

அதிகாரி தலையசைத்தான். “நாங்கள் வில்கமுவவுக்குத்தான் போகிறோம். வழியில் இந்த பஸ் வந்தது. ஜினதாச இதில் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்தால் எங்களுக்கு ஒரு பயணம் மிச்சம். நீங்களும் நல்ல நேரத்தில் வந்தீர்கள், பொன்னையா. இந்த நாலு பேரில் அவன் இருக்கிறானா?”

பொன்னையா அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஜினதாசவின் முகத்திலும் மற்ற முகங்களில் நின்ற அளவே நின்றான்.

“இல்ல சேர். இதுல ஒருத்தரும் இல்ல.”

“அப்படியா?” அதிகாரி கொஞ்சம் யோசித்தான். பிறகு ஜீப்பின் பக்கம் திரும்பி, “பாட்டைப் போடு,” என்றான்.

தடை போட்டிருந்த இடத்தில் ஒரு எண்ணெய்ப் பீப்பாய் இருந்தது. காட்டில் இரண்டு குச்சி முறித்து வரச் சொன்னான். இவ்வளவுதான் நடந்தது. வேறு மிரட்டல் இல்லை, அடி இல்லை. நாலு பேரையும் எழுப்பி, “பாட்டுக்கு ஏற்றபடி அடியுங்கள், பார்ப்போம்,” என்றான். எதற்கு என்று சொல்லவில்லை.

ஜீப்பிலிருந்து ‘கடைசி பஸ்ஸு போயிருச்சு’ கிளம்பியது. பொன்னையாவின் பழைய விரல்கள், பத்தும் மடங்குகிற விரல்கள், அந்தக் காட்டுப் பாலத்தில் துள்ளித் துள்ளி ஓடின.

முதல் ஆள் வயல்காரர். நெல் குத்துகிற மாதிரி நாலு தட்டுத் தட்டிவிட்டுக் குச்சியைக் கீழே போட்டார். சிப்பாய்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது ஜினதாச.

குச்சியை மண்வெட்டிப் பிடி மாதிரி பிடித்தான். முதல் அடி பிந்தி விழுந்தது. அடுத்தது முந்தி விழுந்தது. பாட்டு வேகம் எடுத்தபோது கை தடுமாறி நின்று, மறுபடியும் தொடங்கி, மறுபடியும் தப்பியது. தாளம் பிறந்த கை அது. தாளம் தப்புவது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்த இடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பொன்னையா கண்ணை மூடிக்கொண்டான். நல்லம்மா தன் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

“போதும்,” என்றான் அதிகாரி.

மூன்றாவது ஆளும் தேறவில்லை.

நாலாவது ஆளின் பெயர் முதியான்சே. ட்ரக்டர் ஓட்டுகிறவன். கட்டை, குட்டை, வெற்றிலைக் காவிப் பல். நன்றாக அடித்தால் விட்டுவிடுவார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். யார் நினைக்கமாட்டார்கள்? அதிகாரி சிரித்த முகமாக நிற்கிறான், பாட்டு ஓடுகிறது, முன்னால் அடித்தவர்களைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். ஊர் விழாவில் போட்டி வைத்த மாதிரிதான் அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

அடித்தான் பாருங்கள்! மஹ்ரூப்பின் குரலுக்குக் கீழே போய்ப் பிடித்து, திருப்பத்தில் இரண்டு உருட்டல் உருட்டி, முடிக்கிற இடத்தில் கச்சிதமாக முடித்தான். பஸ் வரிசையில் நின்ற அவன் பெண்சாதிக்குப் பயத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதியான்சே பல்லைக் காட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தான்.

“எங்கே பழகினாய்?”

“எங்கயும் இல்ல சேர். சும்மா, ட்ரக்டர் மட்காட்டுல தட்டுவேன்.”

“மற்ற மூன்று பேரும் பஸ்ஸுக்குப் போங்கள்,” என்றான் அதிகாரி. “இவன் நிற்கட்டும்.”

முதியான்சேக்குச் சிரிப்பு இன்னும் போகவில்லை. இரண்டு சிப்பாய்கள் வந்து கையைப் பின்னால் மடக்கிக் கட்டியபோதுதான் போனது. “சேர்? சேர், நான் என்ன செஞ்சேன்?” அவன் பெண்சாதி வரிசையை விட்டு ஓடி வந்தாள். துவக்கைக் குறுக்கே பிடித்து அவளை நிறுத்தினார்கள். அவள் ரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ மாத்தயா, அவருக்குக் கேசட்டும் தெரியாது, ஒன்னும் தெரியாது! ரெண்டு புள்ளைங்க இருக்கு மாத்தயா!”

நல்லம்மாவின் கண் பஸ் பக்கம் போனது. ஜினதாச பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தான். இருபது அடி. பதினைந்து அடி. நடக்கட்டும், சாமி, நடக்கட்டும்.

அதிகாரி பொன்னையாவின் பக்கம் வந்தான். தோளில் கைகூடப் போட்டான்.

“நீங்கள் நண்பரைக் காட்டிக்கொடுக்கமாட்டீர்கள். அது எனக்கு விளங்குகிறது. அதனால் நானே கண்டுபிடித்துவிட்டேன். இப்போது ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள். இவன்தானே ஜினதாச?”

பொன்னையா கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்தான்.

“ஆம் என்றால் இவனை மட்டும் கூட்டிப்போகிறேன். இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்று அர்த்தம். நாலு பேரையும் கேம்புக்குக் கொண்டுபோய் அங்கே கேட்போம். பஸ் புறப்படுகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.”

கேம்புக்குப் போனவர்கள் திரும்பி வந்த கதை அந்த மாவட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

பொன்னையா முதியான்சேயைப் பார்த்தான். ரோட்டில் கிடந்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்ட அந்தப் பெண்ணைப் பார்த்தான். “ஆம்” என்று ஒரு சொல். சொன்னால் தங்கச்சிக்குப் புருசன், இந்தப் பெண்ணுக்கு இல்லை. வாய் வரவில்லை. நல்ல மனுசன். நல்ல மனுசன் என்பதால்தான் நன்றி எழுதினான், துண்டு அனுப்பினான், இங்கே வந்து நிற்கிறான்.

பஸ் ஸ்டார்ட் ஆனது. கொண்டக்டர், “நகின்ன, நகின்ன, ஏறு!” என்று கத்தினான்.

அப்போது நல்லம்மா பேசினாள். அண்ணனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசவேண்டும் என்றுதான் நினைத்தாள். பயத்தில் குரல் கூடிவிட்டது. பரவாயில்லை, தமிழ்தானே, இங்கே யாருக்கு விளங்கப்போகிறது என்றும் நினைத்திருப்பாள். அவளைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பாலத்தில் நான் நின்றதில்லை, எனக்கு வாய் வராது.

“ஆமான்னு சொல்லுங்கண்ணே. அந்த ஆளு போகட்டும். எனக்கு எம்புருசன் வேணும். ஆமான்னு சொல்லித் தொலைங்கண்ணே!”

சிப்பாய்கள் யாருக்கும் விளங்கவில்லை. அதிகாரிக்கு விளங்கவில்லை. முதியான்சேக்கும் விளங்கவில்லை, அவன் அவளையே நம்பிக்கையோடு பார்த்தான், தனக்காக ஏதோ மன்றாடுகிறாள் என்று.

ஆனால் பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்துவிட்ட ஜினதாசவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கல்யாணம் முடித்த முதல் வருசம், விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நல்லம்மாதான்.

அவன் மிதிபலகையிலிருந்து காலைக் கீழே வைத்து, கட்டுண்டு நின்ற முதியான்சேயின் பக்கம் திரும்பினான்.